கண்ணுக்குத் தெரியாத வெளிச்சத்துக்குக் காவல்

செடி வளர்க்கும் வேலையில் செடியால் ஒரு தொந்தரவும் கிடையாது, தொந்தரவெல்லாம் கதவைத் திறந்து "உள்ள என்ன நடக்குது?" என்று எட்டிப் பார்ப்பவர்களால்தான்.

இருபத்திரண்டு வருடங்களாக ஓர் ஆய்வுக்கூடத்தின் அடித்தளத்தில் செடி வளர்ப்பு அறைக்கு நான் பொறுப்பு. ஜன்னல் இல்லாத அறை. குளிர், ஈரம், வெளிச்சம் மூன்றும் நாங்கள் வைத்த அளவில் நிற்க வேண்டும். சொல்வதற்குச் சுலபம். உறைக்கு ஊற்றி மூடி வைத்த பாலை வீட்டில் உள்ளவர்கள் ஒவ்வொருவராக வந்து திறந்து, கரண்டி விட்டுக் கிளறி, "இன்னும் தயிர் ஆகலையே" என்று சொல்லிவிட்டுப் போனால் உங்களுக்கு எப்படி இருக்கும்? எனக்குத் தினமும் அப்படித்தான் இருக்கிறது. மருந்தறைச் சாவி வைத்திருப்பவர்கள், நூலகத்தில் பழைய தாள்களைக் காப்பவர்கள், அலுவலக ஃபிரிட்ஜில் தன் டப்பாமேல் பெயர் எழுதி ஒட்டுபவர்கள் எல்லோரும் என் சாதி. உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்கள் படித்தால், தயவுசெய்து கதவைச் சாத்திவிட்டுப் படியுங்கள்.

தேக்காவில் ஒரு கட்டுக் கீரை

எங்கள் கூடத்தில் ஆராய்வது நிழலை. இந்தக் குட்டித் தீவு நாட்டில் நிலம் இல்லை. அதனால் கட்டடத்துக்குள் அடுக்கு அடுக்காகத் தட்டு வைத்துக் கீரை வளர்க்கிறார்கள். நெருக்கி வளர்த்தால் கீரை இலையை மறந்துவிட்டுத் தண்டை நீட்டுகிறது. ஏன் நீட்டுகிறது, செடிக்குள் எந்த மூலக்கூறு அதற்கு உத்தரவு கொடுக்கிறது என்பதுதான் எங்கள் கேள்வி.

சனிக்கிழமை தேக்கா சந்தைக்குப் போனாலும் இந்தக் கேள்வி என் கூடவே வருகிறது. ஹமீது பாயின் கடையில் ஒரு கட்டு முளைக்கீரையை எடுத்தேன். முழம் நீளத் தண்டு, உச்சியில் நாலு இலை. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "இது நெருக்கி நட்டது பாய்" என்று ஆரம்பித்தேன். இலை வெயிலில் உள்ள சிவப்பைத் தின்றுவிடும். அந்தச் சிவப்பை ஒட்டி, நம் கண்ணுக்குச் சரியாகத் தெரியாத தொலைசிவப்பு என்று ஒன்று இருக்கிறது, அது இலைக்கு வேண்டாம், கீழே விட்டுவிடும். ஆக, கீழே நிற்கிற செடிக்குச் சிவப்பு குறைவு, தொலைசிவப்பு அதிகம். செடிக்குள் பைட்டோகுரோம் என்று ஒரு புரதம் இந்த இரண்டின் விகிதத்தையே பார்த்துக்கொண்டிருக்கும். விகிதம் மாறினால், "தலைக்குமேல் எவனோ நிற்கிறான், ஓடு மேலே" என்று அர்த்தம்.

ஹமீது பாய் பொறுமையாகக் கேட்டார். எனக்குப் பின்னால் மூன்று பேர் நின்றார்கள். கட்டைப் பையில் போட்டு, ஒரு கொத்துக் கொத்தமல்லியையும் சும்மா சேர்த்துப் போட்டுவிட்டு, இந்த ஊர்ப் பேச்சின் 'லா'வையும் ஒட்டிச் சொன்னார்: "நீங்க படிச்சவங்க, நான் இல்லேங்கல. ஆனா தண்டு நீளமா இருந்தாத்தான் கட்டு பெருசாத் தெரியும் லா. அந்தப் புரதத்துக்கு நான் ஸலாம் சொன்னேன்னு சொல்லிடுங்க."

எட்டு ட்யூப்

மீனாவைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். முப்பத்தைந்து வயது, ஆங் மோ கியோவில் வீடு, தொடக்கப் பள்ளிக்குப் போகும் ஒரு மகள். பள்ளியில் அறிவியல் ஆசிரியையாக இருந்துகொண்டே ஆறு வருடங்களாக எங்கள் கூடத்தில் முனைவர் பட்டத்துக்கு வேலை செய்தவள். போன வருடம் சம்பளமில்லாத விடுப்பு எடுத்துக்கொண்டு முழுநேரமாக வந்துவிட்டாள். டிசம்பரோடு விடுப்பும் முடிகிறது, மாணவிப் பதிவும் முடிகிறது. பதிவை ஏற்கெனவே இரண்டு முறை நீட்டித்தாயிற்று, இனி நீட்ட மாட்டார்கள். ஒரே சோதனையை மூன்று தடவை செய்து மூன்று தடவையும் ஒரே முடிவு வந்தால்தான் நம்புவார்கள். இரண்டு தடவை வந்துவிட்டது. மூன்றாவது ஒன்றுதான் பாக்கி. ஒரே ஒரு தடவை, இருபத்திரண்டு நாள், யாரும் கை வைக்காமல்.

அறையில் ஒரு தட்டுக் கீரைக்கு வெயில் வெளிச்சம், சிவப்பும் தொலைசிவப்பும் வெயிலில் இருக்கிற அதே அளவில். நடுவில் கறுப்புத் திரை. மறுபுறம் உள்ள தட்டுக்கு அதே வெளிச்சத்தோடு கூடுதலாக எட்டுத் தொலைசிவப்பு ட்யூப். அந்த எட்டும் எரிந்தாலும் எரிவதுபோலத் தெரியாது. கிட்டே போய்ப் பார்த்தால் அணையப்போகிற ஊதுவத்தி நுனி மாதிரி மங்கலாக ஒரு சிவப்பு, அவ்வளவுதான். செடிக்கு அது அடர்ந்த காட்டு நிழல்.

மூன்றாவது தடவைக்கு விதைத்த பன்னிரண்டாம் நாள் காலை கதவைத் திறந்தேன். திரைக்கு அந்தப் பக்கம் பளபளவென்று இரண்டு மடங்கு வெள்ளை வெளிச்சம். கட்டடப் பராமரிப்பு நிறுவனத்தின் எலக்ட்ரீஷியன் முருகையா ஏணியை மடக்கிக்கொண்டிருந்தார். புதுக்கோட்டைக்காரர், நாற்பது வயதிருக்கும், வேலையில் சுத்தம். அதுதான் வினை. சுத்தமாக எட்டையும் கழற்றிவிட்டு எட்டு வெள்ளை ட்யூப் போட்டிருந்தார். நான் கோபத்தில் இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கினேன். அவர் என் முகத்தைப் பார்த்து அதை நன்றி என்று நினைத்துக்கொண்டார். "யாரும் கம்ப்ளெய்ன்ட் பண்ணல, நானேதான் பாத்தேன்க்கா. எட்டு லைட் செத்துப் போயிருக்கு, நீங்க எப்படித்தான் இந்த அரைகுறை வெளிச்சத்துல வேலை பாத்தீங்களோ. இப்பப் பாருங்க, கல்யாண வீடு மாதிரி இருக்கு."

யார் டீச்சர்?

அந்த வாரமே ஒரு சமூக மன்றத்தில் என்னைத் தமிழில் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். மனது சரியில்லை, வரவில்லை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் சுவரொட்டியில் என் புகைப்படம் வந்துவிட்டது. தலைப்பு, "நிழலும் செடியும்". நாற்பது நாற்காலி, முப்பது பேர், பின்னால் வடையும் தேநீரும்.

நான் உண்மையாகவே உழைத்துத் தயாரித்தேன். பைட்டோகுரோம்தான் வகுப்பு ஆசிரியர் என்றேன். சிவப்பு வெளிச்சம் பட்டால் ஆசிரியர் விழித்துக்கொண்டு செல்லின் கருவுக்குள் போவார். அங்கே பிஃப் என்று கூப்பிடுகிற புரதங்கள் இருக்கின்றன. சும்மா விட்டால், "வளர், வளர்" என்று மரபணுக்களைக் கிளப்பிவிடுகிறவை. ஆசிரியர் உள்ளே வந்த சில நிமிடங்களில் அவற்றைப் பிடித்துக் குப்பைக்கு அனுப்பிவிடுவார். நிழலில் தொலைசிவப்பு கூடினால் ஆசிரியர் அயர்ந்து தூங்கிவிடுவார். பிஃப்புக்குக் கொண்டாட்டம். ஆக்சின் என்னும் வளர்ச்சி ஹார்மோன் ஊறும், அது தண்டுக்கு இறங்கும், தண்டு நீளும். எல்லாச் செடியும் இப்படி ஓடுவதில்லை, காட்டுத் தரையில் வாழப் பழகிய சில செடிகள் ஓட்டத்தை அடக்கிக்கொண்டு, இலையை மெல்லியதாக அகலமாக விரித்து, கிடைக்கிற வெளிச்சத்தைப் பிடிக்கப் பச்சையத்தைக் கூட்டிக்கொண்டு அங்கேயே குடும்பம் நடத்தும் என்றும் சொன்னேன். சிலர் தலையாட்டினார்கள். எனக்கே நெகிழ்ச்சியாக இருந்தது.

கேள்வி நேரம் வந்தது. முதல் கேள்வி, வடக்குப் பார்த்த வீட்டில் கறிவேப்பிலை வருமா? இரண்டாவது கேள்வி, தெற்குப் பார்த்த வீட்டில் வருமா? மூன்றாவது, கறிவேப்பிலைக்கு மோர் ஊற்றலாமா? கடைசியாக முன்வரிசையில் இருந்த ஒரு பெரியவர் எழுந்து ஒலிவாங்கியை வாங்கி, அதை இரண்டு தட்டுத் தட்டிவிட்டுக் கேட்டார்: "மேடம், டீச்சர் தூங்கினா பசங்க ஆட்டம் போடுவாங்கன்னு சொன்னீங்க, ரொம்ப கரெக்ட், நானும் முப்பது வருஷம் டீச்சரா இருந்தவன்தான். ஆனா என் கறிவேப்பிலை ஆட்டமும் போடல, அடங்கியும் இருக்கல, மொட்டையா நிக்குது. அதுக்கு யார் டீச்சர்?"

ஒரு செக்கன்

மீனா அழவில்லை. மறுபடி விதைத்தாள். நான் ட்யூப்களுக்குக் கீழே பெரிய எழுத்தில் "இவை எரிகின்றன" என்று எழுதி ஒட்டினேன். முருகையாவைக் கூப்பிட்டு, ஒரு பழைய கைபேசியின் கேமராவை அந்த ட்யூப்களின் பக்கம் திருப்பிக் காட்டினேன். கண்ணுக்குத் தெரியாதது திரையில் வெளுத்த ஊதா நிறத்தில் எரிந்தது. அவர் பத்து நிமிடம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்த வழி அடைபட்டது என்று நினைத்தேன்.

இருபத்திரண்டாம் நாள் வந்தது. அன்றுதான் அறுவடை. வளர்ப்பு விளக்குகளை அணைத்துவிட்டு, மங்கலான பச்சை விளக்கில் இலையை வெட்டி உடனே திரவ நைட்ரஜனில் போட வேண்டும். வேறு வெளிச்சம் பட்டால் ஆசிரியர் விழித்துக்கொள்வார், பிஃப் போய்விடும், அளப்பதற்கு ஒன்றும் இருக்காது. கதவில் இந்த ஊரின் நான்கு ஆட்சிமொழிகளிலும் எழுதியிருந்தது: "உள்ளே இருட்டில் வேலை நடக்கிறது. திறக்காதீர்கள்." பிற்பகல் மூன்று மணி. மீனா முதல் இலையில் கத்தரியை வைத்தாள்.

கட்டடத்தின் பாதுகாப்பு அதிகாரி மிஸ்டர் ஜெகநாதன். அறுபதை நெருங்கியவர். தாத்தா யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர். இவர் பிறந்தது இங்கேதான் என்றாலும் யாழ்ப்பாணத் தமிழை விடாப்பிடியாக வைத்திருப்பவர், நொடியைச் செக்கன் என்பார். எல்லோரும் அந்தத் தாளைப் படித்து விலகிப் போனார்கள். இவரும் படித்தார். இருட்டில் வேலை நடக்கிறது என்றால் உள்ளே இருப்பவர்களுக்கு ஆபத்து என்று முடிவு செய்தார். எல்லா அறைகளையும் திறக்கும் சாவி அவரிடம் உண்டு. கதவைத் திறந்து, நாங்கள் உயிரோடு இருக்கிறோமா என்று டார்ச் அடித்துப் பார்த்தார். என் முகத்தில், மீனா முகத்தில், பிறகு மிகுந்த அக்கறையோடு இரண்டு தட்டுக் கீரையின்மேலும் நிதானமாக அடித்தார். மீனா கத்தரியைக் கீழே வைத்தாள். நான் கத்தினேன், மறைக்க ஒன்றுமில்லை, அடித்தளம் முழுக்கக் கேட்டிருக்கும். அவருக்கு உண்மையாகவே புரியவில்லை. "ஒரு செக்கன்தானே, பிள்ளை. அதுக்குள்ளை ஒரு கீரைக்கு என்ன விளங்கப்போகுது?"

மஞ்சள் டேப்

நான் மேலிடத்துக்குப் புகார் எழுதினேன். அதன் பலனாக மிஸ்டர் ஜெகநாதன் இனிமேல் அனுமதி கேட்டுத்தான் வருவார் என்று பதில் வந்தது. மறுநாளே அனுமதி கேட்டு வந்தார். வந்தவர் என் அறையை ஒரு மணி நேரம் சுற்றிப் பார்த்தார். அறையில் செடித் தட்டு வைக்கும் அடுக்கு இரண்டு, இரண்டாவது அடுக்குக்குப் பக்கத்துச் சுவரில் மின்சாரப் பெட்டி இருக்கிறது. அதன் முன்னால் பத்து வருடங்களாக என் தள்ளுவண்டி நிற்கிறது. பத்து வருடங்களாக யாரும் ஒன்றும் சொன்னதில்லை.

அவர் வண்டியைத் தள்ளி வைத்து, மண்டியிட்டு, அளவு நாடா வைத்து, மின்பெட்டிக்கும் அடுக்குக்கும் முன்னால் ஒரு மீட்டர் அளந்து, தரையில் மஞ்சள் டேப் ஒட்டினார். கோணலாக ஒட்டிவிட்டோமோ என்று ஒருமுறை பிய்த்து மறுபடி ஒட்டினார். இருக்கிற இடமே கையகலம், அதில் பாதியை மஞ்சளுக்குத் தாரை வார்த்தாயிற்று. ஓட்டலில் இலை போட்டுவிட்டுச் சாப்பிடாதே என்று சொன்ன மாதிரி இருந்தது எனக்கு. எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டு, கோபமே இல்லாமல் சொன்னார்: "நீங்கள் எனக்கு எதிராக எழுதினது சரி, பிள்ளை, அது உங்கடை வேலை. இந்தக் கோட்டுக்குள்ளை ஒரு ஊசிகூட வைக்கப்படாது, இது என்ரை வேலை."

பக்கத்து வீட்டுத் தொட்டி

வீட்டுக்குப் போனாலாவது நிம்மதியா என்றால், எங்கள் புக்கிட் பாத்தோக் அடுக்குமாடி வீட்டின் பொது நடைபாதையில் நான் ஆறு தொட்டி வைத்திருக்கிறேன். பக்கத்து வீட்டு லலிதா பன்னிரண்டு. சோற்றுக்கு வாசனை சேர்க்க அவள் வளர்க்கும் பாண்டான் செடித் தொட்டிகள் மாதம் ஒரு சாண் வீதம் என் பக்கம் நகர்ந்து வந்து, கடைசியில் என் கத்தரிச் செடியை உரசிக்கொண்டு நின்றன. கத்தரி நெடுநெடுவென்று வளர்ந்து சாய்ந்தது.

"நிழலே விழலையேக்கா, என் பாண்டான் குட்டையால்ல இருக்கு?" என்றாள் லலிதா. அங்கேதான் நான் பிடித்துக்கொண்டேன். நிழல் விழ வேண்டும் என்பதே இல்லை. பச்சை இலை எதுவானாலும் சிவப்பைத் தின்றுவிட்டுத் தொலைசிவப்பைப் பக்கவாட்டில் திருப்பி அடிக்கும். அது தண்டில் பட்டாலே போதும். பக்கத்தில் ஆள் வந்துவிட்டான் என்று நிழல் விழுவதற்கு முன்னாலேயே செடிக்குத் தெரிந்துவிடும், உடனே நீள ஆரம்பித்துவிடும். அதனால் செடிக்குச் செடி இடைவெளி வேண்டும், இது அடிப்படைப் பாடம், சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும் என்று விரலை ஆட்டி ஆட்டிச் சொன்னேன். இந்த விரலை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

லலிதா இரண்டு தொட்டியை நகர்த்திவிட்டு இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். "செடிக்கே பக்கத்து வீட்டுக்காரங்களப் பிடிக்காதுன்னா, நான் உங்களத் தப்பே சொல்ல மாட்டேன்க்கா."

தள்ளுவண்டி

நவம்பரில் மீனா கடைசி முறையாக விதைத்தாள். இனி இடறினால் அடுத்து விதைக்க நாள் இல்லை. இந்தத் தடவை இரண்டு அடுக்கிலும் விதைத்தாள், ஒவ்வொன்றிலும் ஒரு வெயில் தட்டு, ஒரு நிழல் தட்டு. ஓர் அடுக்கு தப்பித்தால்கூடப் போதும், ஆறு வருடம் கரை சேர்ந்துவிடும். நான் கதவுக்கு இரண்டாவது பூட்டுப் போட்டேன். சாவியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டேன். துப்புரவு செய்பவரிடம் "இருபத்திரண்டு நாளைக்குத் தூசியே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டேன். சாப்பிடும்போதுகூட அந்த வாசல் தெரிகிற மாதிரி உட்கார்ந்தேன். என் கணவர் "பேசாம உள்ளயே படுத்துக்க" என்றார். அது எனக்கு ஒரு யோசனையாகவே பட்டது.

பதினான்காம் நாள் மீனா தண்டுகளை அளந்தாள். முதல் அடுக்கில், நீளவே கூடாத வெயில் தட்டுச் செடிகள் நீண்டிருந்தன. அவள் மறுபடி அளந்தாள். பிறகு அளவுகோலை மேசையில் வைத்துவிட்டு, முக்காலியில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். அவள் அழுததை அன்றுதான் பார்த்தேன். இரண்டாவது அடுக்கை அளக்க அவளுக்குத் தெம்பு இல்லை. முருகையாவுக்குப் போன் போட்டு, மறுபடி ட்யூபில் கை வைத்தீர்களா என்று வாய்க்கு வந்ததையெல்லாம் பேசினேன். பேசிக்கொண்டே மறுகையால் மிஸ்டர் ஜெகநாதனைப் பற்றி இன்னொரு புகாருக்குத் தலைப்பு எழுதினேன்.

முருகையா ஜாலான் புசாரில் ஸ்க்ரூ வாங்கிக்கொண்டிருந்தவர் அப்படியே வந்தார். தன் கைபேசியை எடுத்து ஒவ்வொரு ட்யூபாகப் பார்த்தார். எல்லாம் எரிந்தன. பிறகு வெயில் தட்டுக்கு முன்னால் குனிந்து, செடிகளை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தார். தலையைச் சொறிந்துகொண்டு, என்னைப் பார்க்காமல், வண்டியைப் பார்த்துக் கேட்டார்: "எல்லாச் செடியும் ஒரே அளவு நீளலக்கா. இந்த வண்டி நிக்கிற பக்கம் ரொம்ப ஜாஸ்தி, அங்கிட்டுப் போகப்போகக் கொறையுது. எங்க வேலையில ஒரு பக்கம் மட்டும் கோளாறுன்னா, அந்தப் பக்கம் புதுசா என்ன வந்துச்சுன்னுதான் மொதல்ல பாப்போம். இந்த வண்டியில இவ்வளவு கீரைய யாருக்கா கொண்டாந்து வச்சது?"

ஒரு மீட்டர்

நான்தான் வைத்தேன்.

சொல்லிவிடுகிறேன். மீனா விதைத்த அன்றே, அவளுக்குத் தெரியாமல், அதே விதையை நான்கு தட்டில் உபரியாக விதைத்தேன். ஏதாவது ஆகிவிட்டால் கைக்கு உதவும் என்ற பயம்தான். எட்டாம் நாள்வரை அவை மூலையில் ஒரு சின்ன விளக்கில் இருந்தன. வளர்ந்ததும் நல்ல வெளிச்சம் கேட்டன. அவற்றைத் தள்ளுவண்டியில் ஏற்றி, இரண்டாவது அடுக்கின் பக்கம்தான் முதலில் கொண்டுபோனேன். மஞ்சள் டேப். நின்ற இடத்தில் மிஸ்டர் ஜெகநாதனை மனதாரத் திட்டிவிட்டு, வண்டியைத் திருப்பி முதல் அடுக்கின் வெயில் தட்டை ஒட்டி நிறுத்தினேன். இலையோடு இலை உரசுகிற மாதிரி. மீனா கேட்டதற்கு, யாரோ கொடுத்த வேறு செடி, நாளைக்கே எடுத்துவிடுவேன் என்று சொன்னேன். அப்போது என் மனதில் ஓடியது எனக்கு வார்த்தை வார்த்தையாக ஞாபகம் இருக்கிறது. நாலு தட்டுதானே என்று நினைத்தேன்.

லலிதாவிடம் ஆட்டிய விரல் இருக்கிறதே, அது என் கையில்தான் இருந்தது. மீனாவிடம் சொல்லாமல் மறைத்துவிடலாமா என்று ஒரு கணம் நினைத்ததையும் இங்கே எழுதிவிடுகிறேன். முருகையா அங்கேயே நின்றதால் மட்டும் சொல்லவில்லை, சொல்லாவிட்டால் இன்றைக்குத் தூக்கம் வராது என்பதாலும் சொன்னேன். அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அளவுகோலை எடுத்துக்கொண்டு இரண்டாவது அடுக்குக்குப் போனாள். மஞ்சள் கோட்டுக்குள் யாரும் ஊசிகூட வைக்காத அந்த அடுக்கில், வெயில் தட்டு குட்டையாக, தண்டு தடித்து, இலை விரிந்து நின்றது. நிழல் தட்டு மட்டும் நெடுநெடுவென்று நீண்டிருந்தது. நாற்பத்தெட்டுச் செடியையும் அளந்துவிட்டு அவள் தரையிலேயே உட்கார்ந்தாள். கோட்டுக்கு வெளியே.

இருபத்திரண்டாம் நாள் அறுவடைக்கு நானே போய் மிஸ்டர் ஜெகநாதனிடம் கேட்டேன், வெளியே காவல் நிற்க முடியுமா என்று. கையில் டார்ச் இல்லாமல் வந்தார். இரண்டு மணி நேரம் வாசலில் நின்று, ஆய்வுக்கூடத் தலைவரைக்கூடத் திருப்பி அனுப்பினார் என்று பிறகு கேள்விப்பட்டேன். மூன்றாவது முடிவும் முதல் இரண்டைப் போலவே வந்தது. டிசம்பர் கடைசி வாரம் மீனா ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டு, கடைசியாக ஒருமுறை அறைக்கு வந்தாள். நன்றியுரைப் பக்கத்தை மட்டும் பிரிண்ட் எடுத்து வந்திருந்தாள். முதல் வரியில் மிஸ்டர் ஜெகநாதனும் முருகையாவும். என் பெயரைத் தேடினேன், கிடைக்கவில்லை. அவள் தாளின் அடியில், ஒரு பெரிய இடைவெளிக்குப் பிறகு, தனியாக இருந்த ஒரு வரியைக் காட்டினாள். "உங்க பேர விட முடியுமாக்கா? நீங்க இல்லேன்னா திரும்பத் திரும்ப மூணு தடவை நான் விதைச்சே இருக்க மாட்டேன். ஆனா ஒரு மீட்டர் தள்ளித்தான் போட்டிருக்கேன்."

அறைக் கதவில் "உள்ளே வரக்கூடாதவர்கள்" என்று ஒரு பட்டியல் இன்னமும் தொங்குகிறது; அதில் இப்போது முதல் பெயர், சாவியைக் கழுத்தில் மாட்டியிருப்பவளுடையது.